பெயரில்லாத வரிகள்

கோமளாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல். மூளை அதற்கும் மேல் என்று அவளைப் பெற்றவள் சொல்வாள். சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில் அப்பன் ரப்பர் மரம் சீவுகிற ஆள். சம்சுச் சாராயம் உள்ளே போனால் கையில் அகப்பட்டதை எடுத்து வீசுவான். பன்னிரண்டு வயதில் ஒருநாள், அம்மா மண்டை உடைந்து அடுப்படியில் விழுந்ததைப் பார்த்த கோமளா, பால் வாளியைத் தூக்கி அப்பன் முதுகில் ஒரே போடு போட்டாள். மூன்று நாள் அந்த மனுஷனால் குனிய முடியவில்லை. எழுந்ததும், "பொட்டப் புள்ளைக்கு என்னா கை பலம்!" என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான். அப்படிப்பட்ட குடும்பம்!

அங்கிருந்து படித்து வெளியே வந்தாளே, அதைச் சொல்லுங்கள். மலாக்கா டவுனில் டிப்ளோமா முடித்தாள். சி மொழியில் புரோகிராம் எழுத அவளை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆளில்லை. தொண்ணூற்று மூன்றில் புக்கிட் ரம்பாயில் இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறை முழுவதும் அவள் பொறுப்பு. மறுவருடம் கல்யாணம். மாப்பிள்ளை வீரமுத்து லாரி ஓட்டுகிறவன், வாயைவிடக் கை முந்துகிற ரகம். குருபோங்கில் வாடகை வீடு. தாய் தகப்பன் இல்லாத அவன் தம்பி கவிநேசனும் கூடவே வந்தான். பதினெட்டு வயதுப் பையனுக்குச் சோறு போட்டு, சட்டை தைத்துக் கொடுத்து, கடைசியில் தன் தொழிற்சாலையிலேயே பிரஸ் மிஷினில் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். பெறாத பிள்ளை என்றுதான் வைத்திருந்தாள்.

தொண்ணூற்றேழு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளையின் வலது கையை மிஷின் எடுத்துக்கொண்டது.

பிரஸ் மிஷின் வேலை இப்படி: தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், ஒன்றரை விநாடி கழித்து மேலேயிருந்து இரும்பு இறங்கும். அந்த ஒன்றரை விநாடி என்கிற கணக்கு கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் இருக்கிறது. தினமும் காலையில் மிஷின் அதைப் படித்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கும். அன்றைக்கு ஃபைலில் இருந்தது அரை விநாடி. முந்தின நாள் சாயங்காலம் எவனோ மாற்றியிருந்தான். கவிநேசன் பழக்கப்பட்ட தாளத்தில் கையை உள்ளே விட்டான், இரும்பு வந்துவிட்டது.

கோமளா ஓடிப் போனபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. "அண்ணி, கையக் காணோம் அண்ணி" என்று தேடிக்கொண்டிருந்தான். துப்பட்டாவைக் கிழித்து அவள் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். அவள் செருப்பு ரத்தத்தில் வழுக்கியது. மிஷினுக்குள்ளே இருந்ததை யாரும் எடுக்கத் துணியவில்லை; அவளே எடுத்து ஐஸ் பையில் போட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி மூடினார்.

அன்றிரவே வீரமுத்து ஆஸ்பத்திரிச் சுவரில் குத்திக் கை முட்டியை உடைத்துக்கொண்டான். "எவன் மாத்துனான்? எனக்குப் பேரு வேணும். பேரு மட்டும் சொல்லு."

அவளுக்கும் அதே வெறிதான். பொய் சொல்வானேன்!

புதன்கிழமை தயாரிப்புப் பிரிவு இன்ஜினியர் திருச்செல்வம் அவளைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல், ஆளைப் பார்த்துப் பேசாத பழக்கம். "ஆளுங்க கொதிச்சுப் போயிருக்காங்க கோமளா. மிஷின் ஃபைல்ல யாரு யாரு கை வைக்க முடியும்னு ஒரு லிஸ்ட் போடும்மா. கேன்டீன்ல ஒட்டணும். படிச்சா புரியற மாதிரி இருக்கணும் லா, கம்ப்யூட்டர் பாஷையில இருந்தா எவனுக்கும் வெளங்காது."

ஒவ்வொரு ஃபைலோடும் ஓர் அனுமதிப் பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று. அதைக் கம்ப்யூட்டர் எண்களாக வைத்திருக்கும்: ஆளுக்கு ஓர் எண், அனுமதிக்கு ஓர் எண். அந்த எண்களை எழுத்தாக மாற்றி வரிவரியாகக் கொடுக்கச் சி மொழியில் வழி உண்டு. ஒரு வரிக்கு மூன்று துண்டு: என்ன வகை, யார் பெயர், என்ன அனுமதி. இருநூறு மிஷின் ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பட்டியலை எழுத்தாக்கி, அனுமதியை மலாயில் 'பாச்சா', 'துலிஸ்' என்று, அதாவது படிக்க, எழுத என்று, அச்சடிக்கிற புரோகிராமை ஒரே மூச்சில் எழுதினாள் கோமளா. கண்ணில் தூக்கமில்லை, விரல் நகத்தில் இன்னும் கவிநேசன் ரத்தம்.

ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு ஃபைலுக்கும் நாலு வரிகளில் நடுத் துண்டு காலியாக வந்தது. பெயர் இல்லை. பெயரில்லாத வரியை வைத்து யார் என்ன செய்ய? கேட்டது ஆள் பட்டியல். பெயர் காலியாக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள். பட்டியல் சுத்தமாக, அழகாக வந்தது.

ஏழாம் எண் மிஷின் ஃபைலில் ஐந்து பெயர்கள். நாலு பேருக்குப் 'பாச்சா' மட்டும். ஒரே ஒருவனுக்குத்தான் 'துலிஸ்'. ஜூலியஸ்.

ஜூலியஸ் மிஷின்களுக்கு அச்சு மாட்டுகிற ஆள். நாற்பது வயது, புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்பில் மனைவி அக்னஸ், வயதான தாயோடு குடியிருக்கிறவன். ஞாயிறு தவறாமல் சர்ச், வேலை நேரத்தில் வாய் திறக்காத சுபாவம். வாய் திறக்காதவனை எப்படியும் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் கேன்டீனில் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டார்கள். அச்சைச் சீக்கிரம் சரிபார்க்க அவசரத்தில் நேரத்தைக் குறைத்துவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருக்கிறான் பாவி என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். எவனோ அவன் சாப்பாட்டுத் தட்டில் துப்பினான்.

வெள்ளிக்கிழமை ஜூலியஸ் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"தங்கச்சி, ஆகஸ்டுலேர்ந்து அந்த ஃபைல்ல நான் எதுவுமே மாத்த முடியல. மாத்துனா மாட்டேங்குது. சேவ் ஆவாது. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. ஆளுங்க என்னைய கொன்னுடுவாங்க போலருக்கு."

"லிஸ்ட்டுல உங்க பேருதாண்ணே இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"சாமி சத்தியமா நான் இல்ல தங்கச்சி."

"அந்தப் புள்ள கைய நான் ஐஸ்ல போட்டேன்" என்று கத்தினாள் கோமளா. "என் கண்ணு முன்னால நிக்காதீங்க. போங்க!"

அவன் போய்விட்டான். அவள் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை, பார்த்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, ஆத்திரக்காரிக்கும் அதேதான். அன்று மாலை பட்டியலின் ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், வீரமுத்து முன்னால் விரித்து, விரலை வைத்துக் காட்டினாள்.

"இவன் ஒருத்தனாலதான் எழுத முடியும். வேற யாராலயும் முடியாது."

வீரமுத்து அந்தப் பெயரை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு, பதினொரு மணி வெயிலில் ஜூலியஸும் அக்னஸும் தாமான் முனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். இரண்டு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தார்கள். முதல் அடி இரும்புக் குழாயால் முழங்காலில். அவன் விழுந்த பிறகு முகத்தில், விலாவில், திரும்பத் திரும்ப. "எந்தக் கைடா? எந்தக் கையால மாத்துன?" என்று கேட்டுக் கேட்டு இரண்டு கையையும் மிதித்து ஒடித்தார்கள். அக்னஸ் மேலே விழுந்து மறைத்தாள். கூந்தலைப் பிடித்து இழுத்துச் சாக்கடையோரம் எறிந்தார்கள். கடைசியில் ஒருவன் குழாயை இரண்டு கையாலும் ஓங்கித் தலையில் இறக்கினான். வரிசை வீடுகளில் சன்னல் சன்னலாக ஆள் நின்றிருந்தது. ஒருத்தரும் இறங்கி வரவில்லை. கையெடுத்தவனுக்குக் கை போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ!

வீரமுத்து வீட்டுக்கு வந்ததும் நேரே பின்கட்டுக் குழாயடிக்குப் போனான். கோமளா சட்டையை வாங்கி ஊறப் போட்டாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்றைக்குத்தான் ஐந்து நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

ஜூலியஸ் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலை வாசலில் அக்னஸ் காத்திருந்தாள். நெற்றியில் தையல், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கோமளா பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்து இரும்புக் கேட்டில் மோதினாள். வாசல் காவலாளி ஓடிவந்து பிரிப்பதற்குள் இரண்டு மோதல்.

"லிஸ்ட்டு எழுதுனவளே! இதையும் படிடி!" என்று ஒரு காகிதத்தை அவள் முகத்தில் எறிந்தாள். "அவரு டிபன் பையில இருந்திச்சி. படி!"

அது ஜூலியஸ் செப்டம்பரில் கொடுத்த விண்ணப்பம். ஏழாம் எண் மிஷின் ஃபைலில் எழுதுகிற அனுமதி தனக்கு வேலை செய்யவில்லை, மறுபடி கொடுக்க வேண்டும் என்று மலாயில் எழுதியிருந்தான். கீழே, 'அனுமதி இல்லை. இனி மாற்றங்களை நானே செய்வேன்' என்று ஒரு குறிப்பு. திருச்செல்வத்தின் கையெழுத்து.

நெற்றியில் ரத்தம் ஒழுக ஒழுகக் கோமளா அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டரின் தலைமைச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. யார் பெயரில் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஜூலியஸாக உள்ளே போய், அந்த ஃபைலில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிச் சேமிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது திரை. மறுபடி தட்டினாள். அனுமதி இல்லை.

தான் சேர்த்த நிபந்தனையை நீக்கிவிட்டுப் புரோகிராமை ஓட்டினாள். விட்டுப்போன நாலு வரிகளும் வந்து நின்றன. இரண்டு வெறும் படிக்கிற வரிகள், அதில் ஒன்றுமில்லை. மூன்றாவது வரி மாஸ்க். பெயருள்ளவர்களுக்கு எவ்வளவு அனுமதி கொடுத்திருந்தாலும் இந்த வரி விடுகிற அளவுக்குத்தான் செல்லும். கதவுக்கு மேல் போட்ட இன்னொரு பூட்டு மாதிரி. அதில் படிக்க மட்டும் என்றிருந்தது. ஆகஸ்டில் யாரோ பூட்டியிருக்கிறார்கள். ஜூலியஸ் பெயருக்கு எதிரே 'துலிஸ்' என்று இருந்தது உண்மை. அது செல்லாது என்று அடுத்த வரி சொன்னதும் உண்மை. அந்த அடுத்த வரியைத்தான் அவள் தூக்கி எறிந்திருந்தாள்.

நாலாவது வரி ஃபைலின் சொந்தக்காரருடையது. சொந்தக்காரருக்கு அந்தப் பட்டியலில் பெயர் போடுவதில்லை. அவர்தான் சொந்தக்காரர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், பெயர் எதற்கு? தோட்டத்துப் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, கிராணி அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரே, துரை பேரை எந்தக் காலத்தில் வாசித்தார்? மாஸ்க் அவரைக் கட்டாது. படிக்கலாம், எழுதலாம். யார் என்று தேடினாள். திருச்செல்வம்.

அவள் அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

திருச்செல்வம் மறுக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார், கதவைப் பூட்டினார்.

"ஆர்டர் நெருக்குச்சு. ஒரு நாளைக்கு மட்டும்னு கொறைச்சேன். செவ்வாக்கெழமை காலையில அந்த மிஷின்ல நிக்கற ஆளுகிட்ட முன்னாடியே சொல்லிடுறோம்னு சொன்னாங்க." குரல் உயரவே இல்லை. "ஆனா லிஸ்ட் நீ போட்டது கோமளா. பேர வுட்டது நீ. நான் பாத்து வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

"போலீசுக்குப் போறேன்."

"போ. நீ போனா நானும் போவேன். ஹெல்மெட்டுக்குள்ள யாரு மூஞ்சின்னு இந்த வட்டாரத்துக்கே தெரியும் லா. சொல்றதுக்குத்தான் ஆளில்ல. நான் சொல்லவா? நீயும் வாயத் தொறக்காத, நானும் தொறக்கல."

மேசையிலிருந்த சாம்பிள் இரும்புத் தகட்டை எடுத்து அவர் முகத்தில் வீசினாள் கோமளா. மூக்கெலும்பு உடைந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. ஆனாலும் அவர் சொன்னது அவள் காதைவிட்டுப் போகவில்லை. போலீசுக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் போனாள்.

புதன்கிழமை விடியற்காலையில் ஜூலியஸ் நினைவு திரும்பாமலே இறந்துபோனான்.

செய்தி வந்ததும் கோமளா புருஷனை உட்காரச் சொன்னாள். "அவரு இல்ல. திருச்செல்வம்தான். நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். வீரமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னா சொல்ற? நீதானே வெரல வச்சிக் காட்டுன?" காகிதத்தைக் காட்டி மறுபடி சொன்னாள். விளங்கியதும் அறைந்தான். அலமாரியில் போய் விழுந்தாள். எழுந்தாள், மறுபடி அறைந்தான், உதடு கிழிந்தது. வயிற்றில் மிதித்தான். கவிநேசன் கட்டுப்போட்ட மொட்டைக் கையோடு குறுக்கே விழுந்து, "வுடுண்ணே, வுடு!" என்று கதறினான். அந்தக் கட்டைப் பார்த்ததும் வீரமுத்து அடிப்பதை நிறுத்தினான். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"ஒண்ணும் செய்யாத மனுஷன நான் கொன்னுட்டேனே! வெளிய சொல்லிடாத கோமளா. தூக்குல போட்டுடுவானுங்க என்னைய."

"அண்ணி," என்றான் கவிநேசன், "என் கை போச்சு. அண்ணனும் போவணுமா? எனக்கு ஒங்க ரெண்டு பேர வுட்டா யாரு இருக்கா?"

கோமளா பையனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள், இடது கையால் இன்னும் அவனுக்குச் சாப்பிட வரவில்லை. வாயெல்லாம் ரத்த ருசி. ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். செத்தவன் செத்துவிட்டான், திரும்பி வரப்போவதில்லை. இருப்பவனை ஏன் சாகக் கொடுக்க வேண்டும்? யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவளுக்கே அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஜூலியஸ் வாசலில் நின்று, நீ கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா என்று கேட்டது மட்டும் விடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஜூலியஸ் வீட்டுக்குப் போனாள். வாசல் கதவில் யாரோ கறுப்பு எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். சாவு வீடு என்றால் தெருவடைத்துக் கூடாரம் போட்டுக் கூட்டம் நிற்க வேண்டும். இங்கே பத்துப் பன்னிரண்டு பேர், அத்தனையும் அக்னஸ் பக்கத்துச் சொந்தம். தொழிற்சாலையிலிருந்து ஓர் ஈ காக்கை இல்லை. கையெடுத்த பாவி வீட்டுக்கு எவன் வருவான்? எதிர் வரிசைக்காரர்கள் வீட்டுக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் ஜூலியஸின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். தலைமாட்டில் அவன் தாய் உட்கார்ந்திருந்தாள். அக்னஸ் கோமளாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எதுக்குடி வந்த?"

"படிக்க வந்தேன்."

கோமளா வாசலிலேயே நின்று, விட்டுப்போன வரிகளோடு அச்சடித்த புதுப் பட்டியலைக் கைப்பையிலிருந்து எடுத்து, எதிர் வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் படித்தாள். ஏழாம் எண் மிஷின் ஃபைல். சொந்தக்காரர் திருச்செல்வம், படிக்கலாம், எழுதலாம். ஜூலியஸ், பேருக்கு எதிரே எழுதலாம்னு இருக்கு, ஆனா ஆகஸ்டுலேர்ந்து பூட்டியாச்சு, எழுத முடியாது, படிக்க மட்டும்தான். நேரத்தை மாற்றியது திருச்செல்வம். அங்கே காகிதம் முடிந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "பூட்டுன வரிய வுட்டுட்டு லிஸ்ட்டுப் போட்டவ நானு. அத வீட்டுக்குக் கொண்டுபோயி, இவர்தான்னு காட்டுனவளும் நானு. ஞாயித்துக்கெழம குழாயால அடிச்சது என் புருஷன் வீரமுத்து. இங்கேருந்து நேரா போலீசுக்குத்தான் போறேன்."

சன்னல்கள் ஒவ்வொன்றாக முழுசாகத் திறந்தன. அக்னஸ் இறங்கி வந்து, கிழிந்த உதட்டின் மேலேயே பளாரென்று அறைந்தாள். ரத்தம் தெறித்தது. கோமளா கையை உயர்த்தவில்லை. மறுபடி அறைவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அக்னஸ் அறையவில்லை. அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தினாள்.

"இன்னொரு தடவ படி. சத்தமா படி. அவரப் பெத்தவளுக்குக் காது கேக்காது, மவன் மேல பழின்னு நாலு நாளா அவ ஒரு வாய் தண்ணி குடிக்கல."

கோமளா அந்தத் தாயின் காதருகே குனிந்தாள். உதட்டு ரத்தம் காகிதத்தில் சொட்டியது. முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். வீரமுத்து என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோதும் குரலை இறக்கவில்லை.